‘காத்தல்’ என்ற சொல் இடம்பெறாத தீர்மானம்

அரபு இலக்கணம் பயிற்றும்போது, ஒரு வாக்கியத்தின் கருத்தை அறிய முதலில் அதன் வினைச்சொல்லை நோக்குமாறு மாணவர்களுக்கு நாம் கூறுவதுண்டு. சர்வதேச மன்றங்களின் தீர்மானங்களைப் படிப்பதற்கும் இவ்விதி பொருந்தும். முஸ்லிம்கள் துன்புறும் இடங்களைக் குறித்துத் தீர்மானம் நிறைவேறினால் நம்முள் சிலர் மகிழ்கின்றனர். வேறு சிலர் ‘வெறும் காகிதம்’ என ஒதுக்குகின்றனர். இரண்டுமே படிக்காமல் கொள்ளும் முடிவுகள். போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சா நகர் இதற்குச் சான்றாகும்.

ஐ.நா. பொதுச் சபையின் தீர்மானங்கள் பெரும்பாலும் பரிந்துரைகளே. பாதுகாப்புச் சபையின் முடிவுகளோ, சாசனத்தின் 25ஆம் பிரிவின்படி உறுப்பு நாடுகளைக் கட்டுப்படுத்துபவை. எனினும் கட்டுப்படுத்தும் தீர்மானம் யாரை, எதைச் செய்யப் பணிக்கிறது என்பதிலேயே அதன் வலிமை அடங்கியுள்ளது.

1991 செப்டம்பரில் நிறைவேறிய 713ஆம் தீர்மானம் யூகோஸ்லாவியா முழுமைக்கும் ஆயுதத் தடை விதித்தது. தோற்றத்தில் அது நடுநிலையானது. ஆனால் பழைய யூகோஸ்லாவிய இராணுவத்தின் ஆயுதங்களில் பெரும்பகுதி செர்பியர் தரப்பிடம் இருந்தது. 1992இல் விடுதலை பெற்ற போஸ்னிய அரசுக்கோ தற்காப்புக்கான வழி அடைபட்டது. சமமற்றோரிடையே விதிக்கப்பட்ட சமமான தடை, வலியவருக்கே துணையாயிற்று.

1993 ஏப்ரல் 16இல் நிறைவேறிய 819ஆம் தீர்மானம், ஸ்ரெப்ரெனிட்சாவைத் தாக்குதலற்ற பாதுகாப்புப் பகுதியாக அனைத்துத் தரப்பினரும் ‘கருத வேண்டும்’ எனக் கோரியது. மே மாதம் 824ஆம் தீர்மானம் சரயேவோ, தூஸ்லா, ழெப்பா, கொராழ்டே, பிஹாச் ஆகிய இடங்களையும் அவ்வாறே அறிவித்தது. ஜூன் 4இல் வந்த 836ஆம் தீர்மானம் படைபலத்தைப் பயன்படுத்த அனுமதித்தது. ஆயினும் அமைதிப்படைக்கு அது இட்ட பணி, தாக்குதல் நிகழாமல் ‘தயங்கச் செய்தல்’ என்பதே. மக்களைக் ‘காத்தல்’ என்ற வினை அப்பணியில் இடம்பெறவில்லை. பலத்தைப் பயன்படுத்தும் அனுமதியும் தற்காப்பு என்ற நிபந்தனையோடு பிணைக்கப்பட்டிருந்தது.

சொல்லுக்கேற்பவே பொருளும் ஒதுக்கப்பட்டது. இப்பகுதிகளுக்கு ஏறத்தாழ 34,000 கூடுதல் வீரர்கள் தேவை எனப் பொதுச்செயலாளர் புத்ரோஸ் காலி தெரிவித்தார். சபை ஏற்றதோ 7,600 பேரைக் கொண்ட சிறிய திட்டத்தை. அவர்களும் வந்து சேரத் தாமதமாயிற்று.

1995 ஜூலை 11இல் ஸ்ரெப்ரெனிட்சா வீழ்ந்தது. அங்கிருந்த சில நூறு நெதர்லாந்து வீரர்களால் அதைத் தடுக்க இயலவில்லை. விமானத் தாக்குதலும் மிகச் சிறிய அளவிலேயே நடந்தது. பெண்களும் குழந்தைகளும் வெளியேற்றப்பட்டனர். அடுத்த சில நாட்களில் 8,000க்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டனர். பாதுகாப்புப் பகுதி என்ற பெயரை நம்பித் தஞ்சம் புகுந்தோர் அவர்களுள் பலர் என்பதே நம் நெஞ்சை உறுத்துவது.

நம் ஃபிக்ஹு நூல்கள் ‘அமான்’ என்னும் அடைக்கலத்தைப் பற்றி விரிவாகப் பேசுகின்றன. அடைக்கலம் அளித்தவர், அதைப் பெற்றவரை அச்சமற்ற இடத்தில் சேர்க்கும்வரை பொறுப்பிலிருந்து நீங்குவதில்லை. சொல்லும் பொறுப்பும் அங்கே பிரிக்க முடியாதவை. ஸ்ரெப்ரெனிட்சாவில் சொல் வழங்கப்பட்டது. பொறுப்பை ஏற்பார் இலர்.

அவ்வாறாயின் தீர்மானங்கள் யாவும் வீணா? அல்ல. அதே 1993 மே மாதம் நிறைவேறிய 827ஆம் தீர்மானம் ஒரு குற்றவியல் நீதிமன்றத்தை ‘நிறுவியது’. வினை தெளிவாக இருந்தது, செய்பவரும் குறிக்கப்பட்டார். அந்நீதிமன்றம் 161 பேர் மீது குற்றம் சாட்டியது. ஸ்ரெப்ரெனிட்சாவில் நிகழ்ந்தது இனப்படுகொலையே என 2001இல் தீர்ப்பளித்தது. கராஜிச் 2016இலும் மிலாடிச் 2017இலும் தண்டிக்கப்பட்டனர். சர்வதேச நீதிமன்றமும் 2007இல் அதை இனப்படுகொலை என உறுதி செய்து, அதைத் தடுக்கும் கடமையில் செர்பியா தவறியதாகக் கூறியது. இறந்தோரை இத்தீர்ப்புகள் மீட்கவில்லை. ஆனால் நடந்ததை மறுப்போர்க்கு எதிரான அழியாச் சான்றாக நிற்கின்றன.

அச்சான்றைப் பேணுவதற்கும் போராட வேண்டியிருந்தது. அப்படுகொலையைக் கண்டிக்கும் தீர்மானத்தை 2015இல் பாதுகாப்புச் சபையில் ரஷ்யா தன் வீட்டோ அதிகாரத்தால் தடுத்தது. 2024 மே 23இல் பொதுச் சபை ஜூலை 11ஐ நினைவு நாளாக ஏற்றது. ஆதரவு 84, எதிர்ப்பு 19, வாக்களிக்காது விலகியவை 68.

ஆகவே இனி ஒரு தீர்மானம் நிறைவேறியதாகச் செய்தி வரும்போது மூன்று வினாக்களை எழுப்புவோம்: அதன் வினைச்சொல் யாது? செய்பவர் யார்? செய்வதற்கான ஆளும் பொருளும் தரப்பட்டனவா? இவற்றுக்கு விடையில்லாத தீர்மானத்தைக் கொண்டாடுவது, ஆபத்தில் இருப்போருக்குப் பொய்யான நம்பிக்கையை அளிப்பதாகும். அந்நம்பிக்கையின் விலை என்ன என்பதைப் பொத்தோச்சாரியின் வெண்ணிற மீஸான் கற்கள் நமக்குச் சொல்லிக்கொண்டிருக்கின்றன.