ஒரு விதி, ஓரிடம்: மென்பொருளில் நகல் நிரல்களைக் களைதல்

மென்பொருளை முதன்முறை எழுதி முடிப்பதோடு அதற்கான செலவு முடிந்துவிடுவதில்லை. சட்டம் மாறுகிறது, வரி விகிதம் மாறுகிறது, படிவம் மாறுகிறது. ஒவ்வொரு முறையும் நிரலையும் திருத்த வேண்டியுள்ளது. ஒரே கணக்கு முறை ஒரு மென்பொருளுக்குள் பல இடங்களில் எழுதப்பட்டிருந்தால், திருத்தம் அத்தனை இடங்களையும் சென்றடைய வேண்டும். ஓரிடம் விடுபட்டாலும் பிழை நேரும். ஒரே பணிக்காக இவ்வாறு திரும்பத் திரும்ப எழுதப்படும் பகுதிகள் ‘நகல் நிரல்கள்’ எனப்படுகின்றன.

கேரளத்தின் அனுபவம்

2018 ஆகஸ்டு வெள்ளத்திற்குப் பின், மறுசீரமைப்புக்கு நிதி திரட்டும் பொருட்டுக் கேரள அரசு வெள்ள மேல்வரி (செஸ்) ஒன்றை விதித்தது. 2019 ஆகஸ்டு 1 முதல் 2021 ஜூலை 31 வரை அது நடைமுறையில் இருந்தது. 12, 18, 28 சதவீத சரக்கு-சேவை வரிக்குட்பட்ட பொருள்களுக்கு 1 சதவீதமும், தங்க, வெள்ளி நகைகளுக்கு 0.25 சதவீதமும் வசூலிக்கப்பட்டன. மாநிலத்திற்குள், வரிப்பதிவு பெறாதவர்களுக்கு விற்கும்போது மட்டுமே இம்மேல்வரி பொருந்தியது.

கொச்சி மாநகரின் பிராட்வே போன்ற கடைத்தெருவில் இவ்விதியின் சிக்கல் எளிதில் விளங்கும். அங்கு மொத்த வியாபாரமும் சில்லறை வியாபாரமும் அருகருகே நடைபெறுகின்றன. ஒரே பொருளை வாங்கினாலும், வரிப்பதிவு பெற்ற வணிகருக்கு மேல்வரி இல்லை. வீட்டு உபயோகத்திற்கு வாங்குபவருக்கு உண்டு. 1,000 ரூபாய்ப் பொருளுக்கு 18 சதவீத வரி 180 ரூபாய். மேல்வரி 10 ரூபாய். மொத்தம் 1,190 ரூபாய். மேல்வரியின் மீது சரக்கு-சேவை வரி கணக்கிடப்படுவதில்லை. தவறுதலாக மேல்வரியை முதலில் கூட்டிவிட்டால், மொத்தம் 1,191 ரூபாய் 80 காசாகிவிடும்.

எடுத்துக்காட்டாக, அத்தகைய கடை ஒன்றின் பில் மென்பொருளில் இக்கணக்கு நான்கு இடங்களில் எழுதப்பட்டுள்ளது எனக் கொள்வோம்: கடை பில், தொலைபேசி ஆர்டருக்கான பில், திரும்பி வரும் சரக்குக்கான கணக்கு, மாத வரி அறிக்கை. 2021 ஆகஸ்டு 1 அன்று முதலாவதை மட்டும் திருத்தினால், தொலைபேசியில் வாங்குபவர் முடிந்துபோன வரியைத் தொடர்ந்து செலுத்துவார். நான்கிலும் மேல்வரியை அறவே நீக்கிவிட்டால், ஜூலையில் வாங்கி ஆகஸ்டில் பொருளைத் திருப்பித் தருபவருக்குப் பத்து ரூபாய் நட்டம். இரண்டிலும் பாதிப்பு நுகர்வோருக்கே.

கண்டறியும் முறைகள்

நகல் நிரல்களை வல்லுநர்கள் நான்கு வகைகளாகப் பிரிக்கின்றனர். இடைவெளி, விளக்கக் குறிப்பு தவிர மற்றவை அப்படியே அமைந்தவை முதல் வகை. மாறிகளின் பெயர்களும் எண்களும் மட்டும் வேறுபடுபவை இரண்டாவது. சில வரிகள் கூட்டவோ குறைக்கவோ பட்டவை மூன்றாவது. எழுதிய விதம் வேறு, செய்யும் பணி ஒன்று என அமைந்தவை நான்காவது.

முதல் வகையை வரிக்கு வரி ஒப்பிட்டே கண்டுவிடலாம். இரண்டாவதற்கு, நிரலைச் சொல், குறி ஆகிய சிறு வில்லைகளாகப் பிரித்து, பெயர்களுக்குப் பதிலாகப் பொதுக்குறி இட்டு ஒப்பிட வேண்டும். மூன்றாவதைக் காண, நிரலின் இலக்கண அமைப்பைக் கிளைகளாக விரித்து, ஒத்த கிளைகளைத் தேடும் முறை பயன்படுகிறது. இவற்றுக்கெனக் கருவிகள் பல உள்ளன. நான்காம் வகையைக் கருவிகள் எளிதில் காண்பதில்லை. வரிச் சட்டத்தையும் கடையின் நடைமுறையையும் அறிந்தவரின் பார்வை அதற்கு இன்றியமையாதது.

குறைக்கும் வழி

முதற்கண், இப்போதைய நிரல் தரும் விடைகளைச் சோதனைகள் மூலம் பதிவு செய்துகொள்ள வேண்டும். அடுத்து, பொதுவான கணக்கைத் தனிச் செயற்கூறாகப் பிரித்தெடுத்து, நான்கு இடங்களும் அதனையே அழைக்குமாறு செய்ய வேண்டும். வேறுபடும் மதிப்புகளை அளபுருக்களாக அனுப்பலாம். ஒவ்வோர் இடத்தையும் மாற்றியவுடன் சோதனைகளை மீண்டும் நடத்திப் பார்ப்பது அவசியம்.

வரி விகிதங்கள் நிரலுக்குள் இடம்பெறாமல், தொடக்க நாளும் முடிவு நாளும் கொண்ட அட்டவணையில் இடம்பெறுவது நலம். செயற்கூறு மூல விற்பனை நாளைக் கொண்டு விகிதத்தைத் தேடினால், ஜூலை பில்லுக்கு மேல்வரி உண்டு, ஆகஸ்டு பில்லுக்கு இல்லை என்பது தானே அமையும். 2025 செப்டம்பர் 22 அன்று பெரும்பாலான பொருள்களின் வரி 5, 18 என்னும் இரு விகிதங்களுக்குள் கொண்டுவரப்பட்டபோதும், இவ்வாறு அமைந்த மென்பொருளில் அட்டவணையை மாற்றுவதே பெரும்பாலும் போதுமானது.

ஓர் எச்சரிக்கை

ஒத்த தோற்றம் கொண்டவை அனைத்தும் நகல்கள் அல்ல. காம்போசிஷன் திட்டத்திலுள்ள சிறு வணிகர் செலுத்தும் வரியும் 1 சதவீதமே. வெள்ள மேல்வரியும் 1 சதவீதமே. எண் ஒன்றாயிருப்பதைக் கண்டு இரண்டையும் ஒரே மதிப்பாக இணைத்திருந்தால், மேல்வரி முடிந்த நாளில் சிறு வணிகரின் வரியும் கணக்கிலிருந்து மறைந்திருக்கும். இரண்டும் ஒரே காரணத்திற்காக, ஒரே சமயத்தில் மாறக்கூடியவைதானா என்பதே இணைப்பதற்குமுன் எழுப்ப வேண்டிய வினா. அவ்வாறு அல்லாதவற்றைத் தனித்தனியே விட்டுவைப்பதே முறை.

அலுவலகங்களுக்கும் பொருந்தும்

இக்கோட்பாடு கடைகளோடு நிற்பதன்று. ஒரே வகை விண்ணப்பத்திற்குப் பல துறைகள் தனித்தனியே மென்பொருள் எழுதுவதும் ஒருவகை இரட்டிப்பே. அரசு மென்பொருள்களின் மூல நிரலைத் திறந்து கூட்டாக மேம்படுத்துவதற்கான கொள்கையை மத்திய அரசு 2015-இல் வெளியிட்டது. ஒரு துறை எழுதியதை மற்றொரு துறை பயன்படுத்துவதற்கு அது வழிகோலுகிறது. ஆயினும், வாங்கிய நிரலைத் தன்னிடத்தில் தனியே திருத்திக்கொண்டே போனால், அதுவும் நாளடைவில் மற்றொரு நகலாகிவிடும்.

மென்பொருளை ஏற்கும் அதிகாரி நிரல் எழுதத் தெரிந்தவராயிருக்க வேண்டியதில்லை. ‘இந்த விதி நாளை மாறினால் எத்தனை இடங்களில் திருத்த வேண்டும்?’ என்று அவர் கேட்டால் போதும். ‘ஓரிடத்தில்’ என்னும் விடையைச் செய்து காட்டச் சொல்லிப் பெற்ற பின்னரே ஒப்புதல் வழங்குவது பொதுப் பணத்திற்கும் பொதுமக்களுக்கும் பாதுகாப்பாகும்.