விளக்கு அணைந்தால் மட்டும் போதுமா?

ஜெஞ்சாரோமிலிருந்து கிள்ளானுக்குப் போகும் வழியில், உங்கள் பழைய புரோட்டோன் சாகாவில் எண்ணெய்க் குவளை போன்ற சிவப்பு விளக்கு எரிகிறதா? ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். எண்ணெய் அழுத்தமின்றி ஓட்டினால் எஞ்சினே போய்விடும்.

சில நிமிடம் கழித்து எண்ணெய் அளவைப் பாருங்கள். குறைந்திருந்தால் ஊற்றுங்கள். அப்படியும் விளக்கு எரிந்தால் காரைப் பட்டறைக்கு இழுத்துச் செல்வதே நல்லது. "அழுத்த சென்சார்தான் கெட்டிருக்கும்" என்று ஊகித்து மாற்ற வேண்டாம். அதைக் கழற்றி, அந்தத் துளையில் மானியைப் பொருத்தி அளக்கச் சொல்லுங்கள். அழுத்தம் சரியாக இருந்தால் மட்டுமே புதிய சென்சார்.

ஒற்றைக் கம்பி சென்சாருக்கு எஞ்சின் உடம்பே எர்த். மரையில் டேப்பை அதிகம் சுற்றினால், ஆபத்து வந்தாலும் விளக்கு எரியாமல் போகலாம். மாற்றியதும் சாவியைத் திருப்புங்கள்: விளக்கு எரிய வேண்டும், எஞ்சின் ஓடியதும் அணைய வேண்டும்.