படகுத்துறைக்கு ஏற்ற கைப்பேசிச் செயலி

கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையுள்ள மீனவக் கிராமங்களில், விடியுமுன் படகு தள்ளுவோர் அறிய விரும்புவது ஒன்றே: இன்று கடலுக்குப் போகலாமா, கூடாதா? அலையின் உயரத்தையும் காற்றின் வேகத்தையும் ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் முன்கூட்டிக் கணித்து வெளியிடுகிறது. அச்செய்தி படகுத்துறை வரை வந்து சேர்ந்தால்தான் பயன் தரும். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை முன்னறிவிப்பின்றி இக்கரையைத் தாக்கியதை நாம் மறப்பதற்கில்லை.

1998இல் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிப் பகுதியில் கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினத்தில் அலை உயரச் செய்தியை இணையத்திலிருந்து பெற்று, ஒலிபெருக்கி மூலம் மீனவருக்கு அறிவித்தனர். பின்னர் அந்நிறுவனமே ‘ஃபிஷர் ஃபிரண்ட்’ என்னும் கைப்பேசிச் செயலியை உருவாக்கியது. ஊருக்குப் பொதுவாக ஒலித்த செய்தி அவரவர் கைக்கே வந்தது.

ஆயினும் அலுவலகக் கணிப்பொறிக்கென அமைத்த பக்கத்தை அப்படியே சிறிய திரையில் அடக்கிவிட்டால் செயலி ஆகிவிடாது. அதனை அமைப்போர் கவனிக்க வேண்டியவை சில உண்டு.

முதலாவது, முடிவு முதலில் வர வேண்டும். ‘இன்று கடலுக்குச் செல்ல வேண்டாம்’ என்பது திரையின் உச்சியில் நிற்க வேண்டும். விவரங்கள் அதன் கீழ் வரலாம். சிவப்பு, பச்சை நிறங்களை வேறுபடுத்திக் காண இயலாதவரும் உண்டு. ஆகவே நிறத்தோடு சொல்லும் தேவை.

இரண்டாவது, கடல் வெயிலில் மங்கிய எழுத்து தெரியாது. ஈரக் கையால் சிறிய பொத்தானைத் தொட முடியாது. எழுத்து பெரிதாகவும் பொத்தான்கள் இடைவெளி விட்டும் இருத்தல் அவசியம்.

மூன்றாவது, பக்கத்தின் எடை. யூ.டி.எஃப்.-8 என்னும் முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் இடம் கொள்கிறது. ஆயிரம் குறிகளுக்கு 3,000 பைட் போதும். ஒரு புகைப்படமோ பல லட்சம் பைட் கொள்ளக்கூடும். அலங்காரப் படங்களைத் தவிர்த்தால், அலைவரிசை நலிந்த இடத்திலும் செய்தி விரைந்து வரும்.

நான்காவது, கரையிலிருந்து ஏறக்குறைய 10, 12 கிலோமீட்டருக்கு அப்பால் கைப்பேசி அலைவரிசை எட்டுவதில்லை. கடைசியாகப் பெற்ற செய்தியைச் செயலி சேமித்து வைத்து, அது எந்த நேரத்துச் செய்தி என்பதையும் காட்ட வேண்டும். பழைய செய்தியைப் புதியதென நம்புவது உயிருக்கே ஆபத்து. ஆழ்கடலுக்கென 2019இல் வெளியிடப்பட்ட ‘ஜெமினி’ கருவி, செயற்கைக்கோள் வழியே எச்சரிக்கையைப் பெற்றுக் கைப்பேசிக்கு அளிக்கிறது.

ஐந்தாவது, மொழி. வாடை, கொண்டல் என்று காற்றையும், பாகம் என்று ஆழத்தையும் வழங்குவோர்க்கு அச்சொற்களே விளங்கும். எழுத்தறியாதவருக்குக் குரல் வழியும் இருத்தல் நலம்.

நிலத்திற்கும் இவ்விதிகளே பொருந்தும். தமிழக அரசு 2018இல் தொடங்கிய ‘உழவன்’ செயலியை மதுராந்தகத்து விவசாயி வரப்பில் நின்றபடியே பயன்படுத்த வேண்டியவராவார்.

பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கு இதில் பங்கு உண்டு. தம் ஊரார் சிலரிடம் செயலியைக் கொடுத்து, அவர்களுடைய சாதாரணக் கைப்பேசியிலேயே, திறந்த வெளியில் பயன்படுத்தச் சொல்லிக் கவனிக்கலாம். எவ்விடத்தில் தயங்குகிறார்கள் என்பதைக் குறித்துக் கிராம சபையில் வைத்து, உரிய துறைக்கு எழுதலாம். கைப்பேசி இல்லாத வீடுகளும் உள்ளமையால், ஊர் ஒலிபெருக்கியையும் பழுதின்றி வைத்திருப்போமாக.