பில்லைப் பார்க்காத வியாபாரி

சாமான் இறக்கும்போது ஒரு மூட்டை குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுகிறோம். ஆனால் கையடக்கத் தொலைபேசி பில் வந்தால் அடியில் உள்ள கூட்டுத்தொகையை மட்டும் பார்த்துக் காசைக் கட்டிவிட்டு, கோவையில் போட்டுவிடுகிறோம். இந்தப் பழக்கத்துக்கு நானும் விதிவிலக்கல்ல.

எங்கள் கடைக்கு மூன்று மாதாந்தக் கட்டண இணைப்புகள் உள்ளன. 2024ஆம் ஆண்டின் ஆரம்பத்தில், சரக்கு விநியோகிக்கும் தம்பியின் கையில் உள்ள இணைப்புக்கு வழமையான 2,000 ரூபாவுக்குப் பதிலாக 2,400 ரூபா பில் வந்தது. கிளைக் காரியாலயத்தில் போய் விசாரித்தேன். "வற் வரி கூடிட்டுது சேர்" என்றார் அங்கிருந்த இளைஞர்.

உண்மைதான். 2024 ஜனவரி 1 முதல் வற் வரி 15 வீதத்திலிருந்து 18 வீதமாகியது. ஆனால் வரிக் கணக்கு நமக்குப் புதிதா? கடைக்கு வந்து போட்டுப் பார்த்தேன். வரி உட்பட 2,000 ரூபாவான பில்லில் அந்த உயர்வால் கூடக்கூடியது ஏறக்குறைய 52 ரூபாதான். மிச்சம் 348 ரூபா எதற்காக?

முழு விபரமுள்ள பில்லைக் கேட்டு வாங்கினேன். மாத வாடகை கூட்டப்பட்டதில் வரியோடு 198 ரூபா. மீதி 150 ரூபா இரண்டு குறுந்தகவல் சேவைகளுக்கு. ஒன்று கிரிக்கெட் ஓட்ட விபரம், மற்றது நாளாந்த ராசிபலன்! தம்பியிடம் கேட்டால், "ஏதோ மெசேஜ் வந்திச்சு நானா, ஓகே எண்டு அமத்தினேன்" என்கிறார்.

ஆகவே வாசகர்களே, கட்டணம் கூடினால் முதலில் எந்த வகையில் கூடியது என்று பிரித்துப் பாருங்கள். அரசாங்க வரி என்றால் கம்பனியோடு வாதாடிப் பயனில்லை. தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியுடன் எல்லோருக்கும் கூட்டப்பட்டதென்றாலும் அப்படித்தான். 2022 செப்டம்பர் 5 முதல் கையடக்கத் தொலைபேசிக் கட்டணங்கள் 20 வீதத்தால் உயர்ந்தது அவ்வாறானது. ஆனால் உங்களோடு செய்த உடன்படிக்கைக்கு மாறாகக் கூட்டிய வாடகையும், கேளாமல் சேர்த்த சேவையும் தட்டிக்கேட்க வேண்டியவை.

உடன்படிக்கையின் பிரதி நம்மில் பலரிடம் இருப்பதில்லை. நான் கேட்டு வாங்கிப் படித்தேன். முன்னறிவித்தல் கொடுத்துக் கட்டணத்தை மாற்றலாம் என்று சிறிய எழுத்தில் ஒரு வரி இருந்தது. எனக்கு அந்த முன்னறிவித்தல் வரவில்லை. எந்தத் திகதியில், எந்த முறையில் அறிவித்தீர்கள் என்று கேட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினேன். தொலைபேசியில் சண்டை பிடித்தால் மறுநாள் அதற்குச் சாட்சி இல்லை, கடிதத்துக்கு உண்டு. முறைப்பாட்டு இலக்கத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கோபத்தில் பில்லைக் கட்டாமல் விடுவது மட்டும் புத்தியல்ல. இணைப்பைத் துண்டித்தால் நட்டம் நமக்கு. அந்த இலக்கம் கடைப் பலகையிலும் பற்றுச்சீட்டிலும் இருக்கிறது. நாம் ஒத்துக்கொள்ளும் தொகையைக் கட்டி, எந்தத் தொகையைப் பற்றித் தகராறு என்பதை எழுத்தில் தெரிவிப்பதே நல்லது.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. இரண்டு சேவைகளும் நிறுத்தப்பட்டு 150 ரூபா அடுத்த பில்லில் கழிக்கப்பட்டது. வாடகையைக் குறைக்க மறுத்தார்கள். ஆனால் அபராதமின்றிச் சிறிய பொதிக்கு மாற இடம் தந்தார்கள், மாறினேன். முழு வெற்றியல்ல, வெறுங்கையும் அல்ல.

கம்பனி செவிசாய்க்காவிட்டால், கொழும்பு 8, எல்விட்டிகல மாவத்தையில் உள்ள ஒழுங்குறுத்தும் ஆணைக்குழுவுக்குக் கடிதப் பிரதிகளோடு எழுதலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையிடமும் போகலாம். அங்கு முறைப்பாடு எழுத்தில், மூன்று மாதத்துக்குள் இருக்க வேண்டும். பிந்தினால் நியாயம் இருந்தும் பயனில்லை.

மாதம் 348 ரூபா சிறிய தொகையாகத் தோன்றலாம். வருடத்துக்கு 4,176 ரூபா. மூன்று இணைப்பிலும் அப்படியென்றால் 12,528 ரூபா. விலை பேசி முடித்த சீனிக்கு லொறி வந்தபின் கூடக் கேட்டால் நாம் விடுவோமா? இன்று இரவு கல்லாவை மூடுமுன் கடைசி மூன்று மாதப் பில்களையும் பக்கத்தில் வைத்து, வரி வரியாக ஒப்பிட்டுப் பாருங்கள்.