துண்டு எழுதினால் போதுமா?

முதியோர் இல்லமொன்றில் எண்பது வயதைத் தாண்டிய அம்மா ஒருவர் இருந்தார். இதயத் துடிப்பு ஒழுங்கில்லாததால் வோபரின் குளிசை எடுத்து வந்தார். கிளினிக்கில் வைத்தியர் ஐ.என்.ஆர். இரத்தப் பரிசோதனைக்குத் துண்டு எழுதினார். அது கிளினிக் கொப்பிக்குள்ளேயே கிடந்துவிட்டது. ஒரு வாரம் வாகனமில்லை. மறு வாரம் பொறுப்பான பிள்ளை லீவு. இதற்கிடையில் சிறுநீர்த் தொற்றுக்கு வேறொரு வைத்தியர் கோட்ரைமொக்சசோல் கொடுத்தார். ஈறில் இரத்தம் கசிந்த பிறகுதான் நாங்கள் கொப்பியைப் புரட்டினோம். நல்ல காலம், அம்மா தப்பிவிட்டார்.

வோபரின் இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து. எலி மருந்தாக 1948 இல் சந்தைக்கு வந்து, 1954 இல் அமெரிக்காவில் மனிதருக்கு அனுமதிக்கப்பட்டது. இந்த அம்மாவைப் போன்றோருக்கு ஐ.என்.ஆர். அளவு பொதுவாக 2 இற்கும் 3 இற்கும் இடையில் நிற்க வேண்டும். குறைந்தால் இரத்தக்கட்டி, பாரிசவாதம், கூடினால் இரத்தப்பெருக்கு. கோட்ரைமொக்சசோல் அதைக் கூட்டிவிடும். ஆகவே புதிய மருந்து தொடங்கினால் அடுத்த கிளினிக் திகதிவரை காத்திராமல், சில நாட்களிலேயே இரத்தம் பார்க்க வேண்டும். சமையலறையிலும் சொல்லி வையுங்கள்: கீரையை நிறுத்த வேண்டியதில்லை, ஆனால் ஒரு வாரம் நிறையவும் மறு வாரம் இல்லாமலும் கொடுக்கக் கூடாது.

அதன் பின் நாங்கள் ஒரு சி.ஆர். கொப்பி வாங்கிக் கோடு போட்டோம். பெயர், மருந்து, பரிசோதனை, செய்ய வேண்டிய திகதி, இரத்தம் எடுத்த திகதி, முடிவு, வைத்தியர் பார்த்தாரா, அடுத்த திகதி. திங்கட்கிழமை காலையில் ஒருவர் வெறுமையான கட்டங்களைத் தேடுவார். அவர் இல்லாத நாளில் யார் பார்ப்பதென்பதும் முதற் பக்கத்தில் உண்டு. அதிகம் வெறுமையாய்க் கிடந்தது 'வைத்தியர் பார்த்தாரா' என்ற கட்டம்தான்! முடிவுத் தாள் வந்தும் மேசை லாச்சியில் தூங்கும். பதில் வரவில்லையென்றால் எல்லாம் சரியென்று எண்ணிவிடுகிறோம்.

லிதியம் எடுப்பவர்களுக்கு நேரமும் முக்கியம். கடைசிக் குளிசைக்குப் பின் 12 மணித்தியாலம் கழித்தே இரத்தம் எடுக்க வேண்டும். காலைக் குளிசையைக் கொடுத்துவிட்டு அனுப்பினால் அளவு பொய்யாகக் கூடிக் காட்டும். வயிற்றோட்டம் வந்தாலோ, நோவுக்கு இபுபுறூபன் கொடுத்தாலோ உண்மையாகவே கூடும்; உடனே வைத்தியருக்கு அறிவியுங்கள்.

அடுத்த கிளினிக்கில் ஒவ்வொரு மருந்துக்கும் இரத்தம் பார்க்க வேண்டுமா, எப்போது என்று கேட்டு, அங்கேயே கொப்பியில் எழுதிக்கொண்டு வாருங்கள்.