பத்திரமும் புரோநோட்டும்

நிலம் அனுபவத்தில் இருப்பது வேறு; அது தமக்கே உரியது என்று நிலைநாட்டும் பத்திரம் கையில் இருப்பது வேறு. இவ்வேற்றுமையை அறியாமல் அழிந்த குடும்பங்கள் பல. அமெரிக்காவின் மேற்கு எல்லைப்புறமாய் விளங்கிய கெண்டக்கியின் சரித்திரம் இதனை நன்கு விளக்குகிறது.

கெண்டக்கி 1792-இல் தனி மாநிலமாயிற்று. அதற்கு முன் அது வர்ஜீனியாவைச் சேர்ந்திருந்தது. ஷானி, செரோக்கி முதலிய ஆதிக்குடிகள் வேட்டையாடிய அக்காட்டு நிலத்தை வர்ஜீனியா 1779-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி விற்கலாயிற்று. பணம் செலுத்தியவர் உரிமைச் சீட்டுப் பெற்று, வேண்டிய நிலத்தைத் தாமே தேர்ந்து பதிவு செய்து, பிறகு அளப்பித்துச் சாசனம் பெற வேண்டும். சர்க்கார் முன்கூட்டி நிலத்தை அளந்து பிரிக்கவில்லை. மரமும் ஓடையும் பாறையுமே எல்லைகள். மரம் விழுந்தால் எல்லையும் மறைந்தது. கூரையில் ஓட்டின்மேல் ஓடு கிடப்பதுபோல ஒரே நிலத்தின்மீது பலருடைய உரிமைகள் படிந்தன.

ஆகவே வக்கீல்களுக்கு வேலை பெருகிற்று. பின்னாளில் பெரும் அரசியல்வாதியான ஹென்றி கிளே, 1797-இல் லெக்சிங்டன் நகருக்கு வந்து, நில வழக்காலும் கடன் வசூலாலும் செழித்தார். அக்கால எல்லைப்புற வக்கீல்களின் கடிதக் கட்டுகளில் இவ்விரு விஷயங்களும் இடைவிடாது வரும். பிலடெல்பியா, பால்டிமோர் வர்த்தகர்கள் மேற்கிலுள்ள கடைகளுக்குச் சரக்கைக் கடனாக அனுப்புவர். பணம் வராவிடில் புரோநோட்டுகளை அங்குள்ள வக்கீலுக்கு அனுப்புவர். அவர் பிராது தொடுத்து டிக்ரி பெற்றாலும், கடனாளியிடம் ரொக்கம் அரிது. நிலத்தை ஏலம் விடலாமென்றால், வழக்கிலுள்ள நிலத்திற்கு நல்ல விலை ஏது? பத்திரக் குறையே கடன் தீராமைக்கும் காரணமாயிற்று.

நிலம் இழந்த உழவருக்கு அவர் செய்த திருத்தங்களுக்கு ஈடு தரும் சட்டங்களைக் கெண்டக்கி 1797-இலும் 1812-இலும் இயற்றியது. வர்ஜீனியாவுடன் செய்த உடன்படிக்கைக்கு இவை முரண் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1823-இல் தீர்ப்பளித்தது.

தாமஸ் லிங்கன் என்ற உழவர் 1816-இல் கெண்டக்கியை விட்டு இந்தியானா சென்றார். அடிமை முறை ஒரு காரணம்; நில உரிமைச் சிக்கலே முதற்காரணம் என்று அவர் மகன் ஆபிரகாம் லிங்கன் பின்னர் எழுதினார். 1836-இல் இல்லினாய்ஸில் வக்கீல் உரிமம் பெற்ற அம்மகனுடைய வழக்குகளிலும் பெரும்பகுதி கடன் வழக்குகளே. இந்தியானாவிலோ 1785-ஆம் ஆண்டு விதிப்படி, 6 மைல் சதுரமாக ஊர்கள் அளக்கப்பட்டு, 640 ஏக்கர் கொண்ட 36 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டன. அளந்த பின்பே விற்பனை. சிக்கலும் குறைந்தது.

நம் அங்கத்தினர்களும் இதனைச் சிந்திக்க வேண்டுகிறோம். நிலம் வாங்குமுன் சர்வே எண்ணையும் நான்கெல்லையையும் ஒப்புநோக்குக. வில்லங்கச் சான்று பெறுக. கடன் செலுத்தியதும் ரசீது வாங்குக. தீர்ந்ததும் புரோநோட்டைத் திரும்பப் பெறுக. வயலிலும் தறியிலும் சிந்திய வியர்வையைக் காப்பது இச்சிறு காகிதங்களே.