ஸ்பெயின் வதிவிட விசாவுக்கான தனியார் மருத்துவக் காப்பீடு

ஸ்பெயின் நாட்டில் 90 நாட்களுக்கு மேல் தங்க விரும்பும், ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேராத வெளிநாட்டவர் பலர் விசா விண்ணப்பத்துடன் மருத்துவக் காப்பீட்டுச் சான்றிதழையும் அளிக்க வேண்டும். அந்நாட்டில் வேலைக்குச் சேர்ந்து சமூகப் பாதுகாப்புச் சந்தா கட்டப் போகிறவர்களுக்கு இது பெரும்பாலும் தேவைப்படாது. ஓய்வுக்காலத்தைக் கழிக்க வருவோர், சொந்தச் சேமிப்பில் வாழ வருவோர், மாணவர்கள் ஆகியோருக்கு இது கட்டாயம். வழக்கமான பயணக் காப்பீட்டை இதற்கு ஏற்பதில்லை. ஸ்பெயினின் அரசு மருத்துவ அமைப்பு தரும் சிகிச்சைகளுக்கு இணையான பாதுகாப்பைத் தரும் முழுமையான பாலிசியே கேட்கப்படுகிறது. பணம், வீடு, நன்னடத்தைச் சான்று என எல்லாம் சரியாக இருந்தும், பாலிசியில் உள்ள ஒரே ஒரு நிபந்தனையால் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம்.

பின்னணி

ஸ்பெயினின் தேசிய மருத்துவ அமைப்பு 1986ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தால் உருவானது. இதற்கான பணம் பொது வரியிலிருந்து வருகிறது. மருத்துவமனைகளை நடத்தும் பொறுப்பு 17 தன்னாட்சிப் பகுதிகளிடம் உள்ளது. வேலை செய்பவரும் அவரைச் சார்ந்தோரும் இந்த அமைப்புக்குள் இயல்பாகவே வந்துவிடுகின்றனர். வேலை செய்யாமல் வாழ வரும் வெளிநாட்டவர் அரசுக்குச் செலவு வைக்கக் கூடாது என்பதே காப்பீட்டு நிபந்தனைக்குப் பின்னுள்ள எண்ணம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளும் இதே எண்ணம் உண்டு. ஒன்றியத்தின் குடிமக்கள் வேலையின்றி வேறொரு உறுப்பு நாட்டில் மூன்று மாதங்களுக்கு மேல் தங்குவதானால் முழுமையான மருத்துவக் காப்பீடு வைத்திருக்க வேண்டும் என்று 2004ஆம் ஆண்டின் 38ஆம் நெறிமுறை கூறுகிறது.

இதில் ஒரு முரண் உண்டு. 2012இல் வந்த அவசரச் சட்டம் ஒன்று ஆவணமற்ற குடியேறிகளுக்கு அரசு மருத்துவத்தைப் பெருமளவு மறுத்தது. 2018இல் வந்த மற்றொரு அவசரச் சட்டம் அந்த உரிமையை மீண்டும் அளித்தது. ஆனால் வேறு வழியில் காப்பீடு வைத்திருக்க வேண்டிய கட்டாயம் உள்ளவருக்கு இந்த உரிமை பொருந்தாது என்றும் அதே சட்டம் கூறுகிறது. ஆகவே ஆவணமின்றி வாழ்பவர் அரசு மருத்துவமனையை நாடலாம். முறைப்படி விசா பெற்று வந்தவர் தன் கைப்பணத்தில் தனியார் காப்பீட்டை வைத்திருக்க வேண்டும். விசா பெற்றவர்கள் இதை அநீதி என்று குறைகூறுவது உண்டு. எனினும், நிபந்தனையை அறிந்து ஒப்புக்கொண்டு வந்தவரையும் வழியற்றவரையும் சட்டம் வெவ்வேறாகப் பார்ப்பதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

யாருக்குத் தேவை

இந்த நிபந்தனை மிகக் கடுமையாகப் பொருந்துவது வருவாய் ஈட்டாத வதிவிட விசாவுக்கு. இதைப் பெறுபவர் ஸ்பெயினில் எந்த வேலையும் செய்யக் கூடாது. 'இப்ரெம்' எனப்படும் அரசின் வருமான அளவுகோலைப் போல் நான்கு மடங்கு தொகை அவரிடம் இருப்பதைக் காட்ட வேண்டும். இப்ரெம் 2023 முதல் மாதம் 600 யூரோ என்பதால், தனி நபர் ஆண்டுக்கு 28,800 யூரோவும் உடன்வரும் ஒவ்வொருவருக்கும் மேலும் 7,200 யூரோவும் காட்ட வேண்டியுள்ளது. கணவனும் மனைவியும் சேர்ந்து விண்ணப்பித்தால் மொத்தம் 36,000 யூரோ. காப்பீட்டுச் செலவு இதற்கு வெளியே வருகிறது.

மாணவர் விசாவுக்கும் காப்பீடு தேவை. 2022ஆம் ஆண்டின் 28ஆம் சட்டம் கொண்டுவந்த தொலைநிலைப் பணியாளர் விசாவில், சமூகப் பாதுகாப்பில் சேராதவர்கள் தனியார் காப்பீடு காட்ட வேண்டும். 5 லட்சம் யூரோவுக்கு வீடு வாங்கியவர்களுக்கு அளிக்கப்பட்டு வந்த 'தங்க விசா' 2025 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. அந்த வழி அடைபட்டபின், சேமிப்பில் வாழ வருவோருக்கு எஞ்சியிருக்கும் முதன்மையான வழி வருவாய் ஈட்டாத வதிவிட விசாதான்.

பிரித்தானிய ஓய்வூதியர்களின் நிலை வேறு. அரசு ஓய்வூதியம் பெறுபவர்கள் 'எஸ் 1' என்ற படிவத்தைத் தங்கள் நாட்டிலிருந்து பெற்று வந்தால், அவர்களது மருத்துவச் செலவைப் பிரித்தானியாவே ஏற்கிறது. ஓய்வூதிய வயதை எட்டுமுன் குடிபெயர்வோருக்கு இந்தச் சலுகை இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரித்தானியா விலகியபின் அவர்களும் இந்தியரையோ அமெரிக்கரையோ போலத் தனியார் பாலிசி வாங்க வேண்டியவர்கள் ஆகிவிட்டனர்.

பாலிசியில் பார்க்கப்படுபவை

முதலாவது, காப்பீட்டு நிறுவனம் ஸ்பெயினில் இயங்க அனுமதி பெற்றிருக்க வேண்டும். அந்நாட்டின் காப்பீடு மற்றும் ஓய்வூதிய நிதிகளுக்கான தலைமை இயக்ககம் இதற்கான பதிவேட்டைப் பராமரிக்கிறது. சொந்த நாட்டில் எவ்வளவு பெரிய நிறுவனமாக இருந்தாலும் இந்தப் பதிவேட்டில் இல்லையெனில் பயனில்லை. சனிதாஸ், அதெஸ்லாஸ், அசிசா, மாஃப்ரே ஆகியவை ஸ்பெயினில் பரவலாக அறியப்பட்ட மருத்துவக் காப்பீட்டுப் பெயர்களாகும்.

இரண்டாவதாக மூன்று சொற்கள் கவனிக்கப்படுகின்றன: 'கோபாகோ', 'காரென்சியா', 'ஃபிரான்கிசியா'. கோபாகோ என்பது ஒவ்வொரு முறை மருத்துவரைப் பார்க்கும்போதும் காப்பீடு பெற்றவர் கொடுக்கும் சிறு பங்குக் கட்டணம். இந்தியாவில் கோ-பேமெண்ட் எனப்படுவது இதுவே. காரென்சியா என்பது காத்திருப்புக் காலம். அறுவைச் சிகிச்சைக்கு ஆறு மாதம், பிரசவத்துக்கு எட்டு மாதம் அல்லது அதற்கு மேல் என்பன சாதாரண பாலிசிகளில் காணப்படும் காலங்கள். ஃபிரான்கிசியா என்பது காப்பீடு செயல்படத் தொடங்குமுன் நோயாளியே ஏற்க வேண்டிய தொடக்கத் தொகை. அரசு மருத்துவத்தில் மருத்துவரைப் பார்க்கக் கட்டணமோ காத்திருப்புக் காலமோ தொடக்கத் தொகையோ கிடையாது. எனவே அதற்கு இணையான பாலிசியிலும் இவை இருக்கக் கூடாது என்று தூதரகங்கள் எதிர்பார்க்கின்றன.

விண்ணப்பதாரர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். ஸ்பெயினில் வாழும் உள்ளூர் மக்கள் தனியார் காப்பீட்டை அரசு மருத்துவத்துக்குக் கூடுதலாகவே வாங்குகிறார்கள். நீண்ட வரிசையைத் தவிர்ப்பதே அவர்கள் நோக்கம் என்பதால், பங்குக் கட்டணம் உள்ள மலிவான பாலிசி அவர்களுக்குப் போதும். இணையத்தில் முதலில் கண்ணில் படும் விலைகளும் அத்தகைய பாலிசிகளுடையவையே. அதே பாலிசியை வாங்கி விசாவுக்குக் கொடுத்தால் அது ஏற்கப்படாது. விசாவுக்கான பாலிசி, பங்குக் கட்டணம் உள்ளதைவிட விலை கூடியது.

குறுகிய காலச் செங்கன் விசாவுக்குக் கேட்கப்படும் 30,000 யூரோ பயணக் காப்பீட்டையும் இதனுடன் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது அவசரச் சிகிச்சைக்கும் உடலைத் தாய்நாட்டுக்குத் திருப்பி அனுப்புவதற்கும் உரியது. சில தூதரகங்கள் வதிவிட விசாவுக்கான பாலிசியிலும் இந்தத் திருப்பி அனுப்பும் பிரிவைக் கேட்கின்றன. தூதரகத்துக்குத் தூதரகம் இத்தகைய வேறுபாடுகள் இருப்பதால், விண்ணப்பிக்கும் தூதரகத்தின் பட்டியலைப் படித்தபின் பாலிசி வாங்குவது பாதுகாப்பானது. மருத்துவச் சான்றிதழ் என்று தனியே கேட்கப்படுவதும் வேறு ஆவணம். பொதுச் சுகாதாரத்துக்குக் கேடு விளைவிக்கும் தொற்றுநோய் இல்லை என்று மருத்துவர் கையொப்பமிடும் தாள் அது.

வயதும் நோயும்

அரசு அமைப்புக்கும் தனியார் காப்பீட்டுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இந்த இடத்தில் வெளிப்படுகிறது. அரசு மருத்துவமனை நோயாளியைத் தேர்ந்தெடுப்பதில்லை. காப்பீட்டு நிறுவனம் தேர்ந்தெடுக்கிறது. விண்ணப்பத்துடன் ஒரு உடல்நலக் கேள்வித்தாளைத் தருகிறது. பதில்களைப் பார்த்து ஏற்கலாம், மறுக்கலாம், குறிப்பிட்ட நோயை மட்டும் விலக்கி ஏற்கலாம். குறிப்பிட்ட வயதுக்கு மேற்பட்டவர்களைப் புதிதாகச் சேர்ப்பதில்லை என்ற விதியும் பல நிறுவனங்களில் உண்டு.

சர்க்கரை நோயும் இதயக் குழாயில் ஒரு ஸ்டென்ட்டும் உள்ள 66 வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். சேமிப்பு போதுமான அளவு இருக்கிறது. முதல் நிறுவனம் மறுக்கிறது. இரண்டாவது நிறுவனம் இதயம் தொடர்பான எந்தச் சிகிச்சைக்கும் பணம் தராது என்ற தனி நிபந்தனையுடன் ஏற்கிறது. பங்குக் கட்டணம் இல்லை, காத்திருப்புக் காலம் இல்லை என்று சான்றிதழில் எழுதித் தருகிறது. விசா கிடைத்தும் விடலாம். ஆனால் எந்த நோய்க்காக அவருக்குக் காப்பீடு மிகவும் தேவையோ அந்த நோய்க்கே அது இல்லை. மாரடைப்பு வந்தால் மருத்துவமனைச் செலவு அவருடைய சேமிப்பிலிருந்து போகும். விசா அதிகாரி பார்ப்பது சான்றிதழை. நோயாளியின் கதியைத் தீர்மானிப்பது ஒப்பந்தத்தின் தனி நிபந்தனைகள். இரண்டும் ஒன்றல்ல.

இதைத் தவிர்க்க நோயை மறைத்துவிடும்படி யாரேனும் ஆலோசனை சொல்லக்கூடும். அது மோசமான ஆலோசனை. 1980ஆம் ஆண்டின் காப்பீட்டு ஒப்பந்தச் சட்டத்தின் 10ஆம் பிரிவின்படி, கேள்வித்தாளில் கேட்கப்பட்டவற்றுக்கு உண்மையான பதில் தருவது விண்ணப்பதாரரின் கடமை. பொய்யை அறிந்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் நிறுவனம் ஒப்பந்தத்தை முறிக்கலாம். வேண்டுமென்றே மறைத்ததாகவோ பெரும் கவனக்குறைவு என்றோ தெரியவந்தால், சிகிச்சைக்கான பணத்தைத் தரும் பொறுப்பிலிருந்தும் அது விடுபடும். அதே பிரிவு விண்ணப்பதாரரையும் காக்கிறது. நிறுவனம் கேட்காத ஒன்றைச் சொல்லவில்லை என்பதற்காக அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆகவே நிரப்பிய கேள்வித்தாளின் நகலைப் பத்திரமாக வைத்திருப்பது பின்னாளில் உதவும்.

ஸ்பெயினுக்கு வந்த பின்

விசா முடிவுக்கு முன்பே ஓராண்டுப் பிரீமியத்தைக் கட்ட வேண்டிய நிலை பொதுவானது. விசா மறுக்கப்பட்டால் மறுப்புக் கடிதத்தைக் காட்டிப் பணத்தைத் திரும்பப் பெறலாம் என்று பல நிறுவனங்கள் ஒப்புக்கொள்கின்றன. இது எழுத்தில் இருக்கிறதா என்று பணம் கட்டுமுன் பார்க்க வேண்டும்.

வந்து சேர்ந்த ஒரு மாதத்துக்குள் வெளிநாட்டவர் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். நகராட்சியின் 'பத்ரோன்' எனப்படும் குடியிருப்போர் பதிவேட்டிலும் பெயரைச் சேர்க்க வேண்டும். சிகிச்சையை நிறுவனத்தின் மருத்துவர் பட்டியலில் உள்ளவர்களிடமே பெற வேண்டும். பெரிய பரிசோதனைகளுக்கு முன் அனுமதி தேவைப்படும். மருத்துவமனையில் தங்காமல் மருந்துக் கடையில் வாங்கும் மாத்திரைகளுக்குத் தனியார் பாலிசி பொதுவாகப் பணம் தராது. வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கும்போது காப்பீடு இடைவெளியின்றித் தொடர்ந்ததா என்பது மீண்டும் பார்க்கப்படும். பாலிசி ஆண்டுதோறும் தானாகவே நீளக்கூடியது. அதை நிறுத்த விரும்பும் வாடிக்கையாளர் ஒரு மாதம் முன்னும், நிறுவனம் இரண்டு மாதம் முன்னும் எழுத்தில் அறிவிக்க வேண்டும்.

முதல் ஆண்டு முடிந்ததும் வேறொரு கதவு திறக்கிறது. 2013ஆம் ஆண்டின் 576ஆம் அரசாணை ஏற்படுத்திய 'சிறப்பு ஒப்பந்தம்' என்ற திட்டத்தின்படி, ஓராண்டு தொடர்ச்சியாக வசித்து பத்ரோனில் பதிவு பெற்றவர், மாதக் கட்டணம் செலுத்தி அரசு மருத்துவ அமைப்பில் சேரலாம். கட்டணம் 65 வயதுக்குக் கீழே 60 யூரோ, 65 முதல் 157 யூரோ. ஏற்கெனவே உள்ள நோயைக் காரணம் காட்டி மறுப்பது இதில் இல்லை. மருந்துகளுக்கு அரசு மானியம் கிடையாது என்பது ஒரு குறை. மேலே கண்ட 66 வயதுக்காரருக்கு ஆண்டுக்கு 1,884 யூரோவில் இதய நோய்க்கும் சிகிச்சை கிடைக்கும். அவர் கடக்க வேண்டியது அந்த முதல் பன்னிரண்டு மாதங்களைத்தான்.

பிற நாடுகளில்

எல்லா நாடுகளும் தனியார் காப்பீட்டைக் கேட்பதில்லை. பிரித்தானியா விசாக் கட்டணத்துடன் 'குடியேற்றச் சுகாதாரக் கூடுதல் கட்டணம்' வசூலித்து, அரசு மருத்துவத்தையே திறந்துவிடுகிறது. 2015இல் ஆண்டுக்கு 200 பவுண்டாகத் தொடங்கிய இது, 2024 பிப்ரவரி முதல் 1,035 பவுண்டு. மாணவர்களுக்கு 776 பவுண்டு. அந்நாடு ஒன்றியத்தில் இருந்த காலத்தில், அரசு மருத்துவம் கிடைக்கும்போது தனிக் காப்பீடு எதற்கு என்று எண்ணிய ஐரோப்பிய மாணவர்கள் பலருக்குப் பின்னாளில் நிரந்தர வதிவிட உரிமை மறுக்கப்பட்டது. அரசு மருத்துவத்தில் இணைந்திருப்பதே முழுமையான காப்பீடுதான் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2022 மார்ச்சில் தீர்ப்பளித்தது. அப்போது பிரித்தானியா ஒன்றியத்தைவிட்டு வெளியேறியிருந்தது.

ஜெர்மனியில் பயிலும் வெளிநாட்டு மாணவர்களில் இந்தியர்களே இன்று மிகப் பெரிய குழுவினர் என்பதால், அந்நாட்டின் விதி தமிழ் மாணவர்களுக்கும் முக்கியமானது. பல்கலைக்கழகத்தில் சேரும் 30 வயதுக்குட்பட்ட மாணவர் பொதுக் காப்பீட்டில் சலுகைக் கட்டணத்தில் சேரலாம். மலிவாக இருக்கிறதே என்று தனியார் காப்பீட்டை விரும்புபவர் சேர்ந்த மூன்று மாதங்களுக்குள் விலக்குக் கேட்க வேண்டும். அப்படிப் பெற்ற விலக்கைத் திரும்பப் பெற முடியாது. படிப்பின் இரண்டாம் ஆண்டில் பெரிய நோய் ஒன்று கண்டறியப்பட்டாலும், மாணவராக இருக்கும் வரை அவர் பொதுக் காப்பீட்டுக்குத் திரும்ப இயலாது.